கீமோவுக்குப் பின் கை கால் எரிச்சல்: புற்றுநோய் வார்டு சிஸ்டரின் பதில்கள்

கே: மார்பகப் புற்றுநோய்க்கு வாராவாரம் பாக்லிடாக்செல் ஏற்றுகிறார்கள். ஐஸ் கையுறை போட்டால் மரத்துப்போகாதாமே?

ப: பலன் உண்டு அம்மா. குளிரில் விரல்களின் ரத்தக்குழாய் சுருங்கும், நரம்புக்குப் போகும் மருந்தும் குறையும். ஜப்பானில் 2018-ல் வெளிவந்த ஆய்வில் ஒரு பக்கக் கை காலுக்கு மட்டும் 90 நிமிடம் உறைகுளிர் உறை மாட்டி, மறுபக்கத்தை அப்படியே விட்டார்கள். குளிர்ந்த பக்கம் மரத்துப்போவது நன்றாகக் குறைந்தது. ஆனால் மருந்து ஏறும்போதே போட வேண்டும். மரத்த பிறகு போட்டுப் பயனில்லை.

கே: எனக்கு ஏற்றும் கீமோ மருந்து ஆக்ஸாலிபிளாட்டின். நானும் போடலாமா?

ப: வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தாலே ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது.

கே: ஒருவருக்கு ஐஸ் நல்லது, இன்னொருவருக்குக் கெடுதலா? முரணாக இருக்கிறதே!

ப: இல்லை சார். கீமோ என்பது ஒரே மருந்தல்ல. நரம்புக்குள் சரக்கு போகும் தண்டவாளம் மாதிரியான நுண்குழல்களை பாக்லிடாக்செல் முடக்குகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்கு நரம்பில் மின்சைகையை எழுப்பும் சோடியம் வாயில்கள் கிளர்ந்து நிற்கும். குளிர் பட்டதும் நரம்பு துள்ளும். அதனால் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: பி12, பி6 மாத்திரை போட்டால் சரியாகுமா? (இன்னும் ஐந்து பேர் இதையே)

ப: ஆறு பேருக்கும் ஒரே பதில். பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் போடுங்கள். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிட்டைல் எல்-கார்னிடின் என்ற சத்து மாத்திரை பக்கம் போகவே வேண்டாம்: 2013-ல் 409 பெண்களிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நரம்புப் பாதிப்பு அதிகமானது.

கே: வலிக்கு வேறு என்னதான் இருக்கிறது?

ப: டுலாக்ஸெடின் என்ற நரம்பு வலி மாத்திரை. 231 பேர் பங்கெடுத்த 2013 ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 சதவீதம். டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டுலாக்ஸெடினைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கே: ஸ்கிராம்ப்ளர் கருவி?

ப: தோல் வழியாக மின்தூண்டல் தருவது. சிறு ஆய்வுகள்தான், முடிவுகள் ஒத்துப்போகவில்லை. கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

கே: மரத்துப்போவதை அம்மா டாக்டரிடம் மறைக்கிறார். கீமோவைக் குறைத்துவிடுவார்கள் என்று பயம்.

ப: இந்தப் பயத்தை வார்டில் தினமும் பார்த்தேன் தம்பி. செருப்பு கழன்றதே தெரியாமல் வெறுங்காலோடு பத்தடி நடந்து வந்தார் ஒரு அம்மா. அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று முடிவெடுக்க டாக்டருக்கு விவரம் வேண்டும். அடுத்த முறை கூடவே போய், ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.