அந்தமான் மழையில் மாதிரிச் செடிகளின் இலை உதிர்வது

ஆய்வுக்காகச் சேகரிக்கும் செடிகளை முகாமில் உலர்த்தவே வேண்டாம். எடுத்த அன்றே ஆல்கஹாலில் ஊறவைத்துக் கட்டிவிடுங்கள். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) திரும்பிய பிறகு உலர்த்தலாம்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தால் இலைகள் கறுத்து உதிர்ந்து கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூஞ்சை மட்டும் காரணமாக இருக்காது. ஈரக்காற்றில் செடி மெல்லச் சாகிறது. அதற்குள் இலை காம்படியில் தானாகவே கழன்றுகொள்கிறது. ஆல்கஹால் உடனே கொன்றுவிடும், அதனால் கழலாது.

1. செய்தித்தாள் மடிப்பில் செடியை விரித்து, அதன் சேகரிப்பு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிடும்.
2. ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கிக் கட்டி, கனமான பாலிதீன் பையில் இறக்குங்கள். தாள் முழுக்க ஊறும்வரை 70% ஆல்கஹால் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டுங்கள். மேலே இன்னொரு பை. சில வாரம் தாங்கும்.

திரும்பி வந்து உலர்த்தும்போது தண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

பூவின் நிறம் நிச்சயம் போய்விடும், பறித்தவுடனே குறித்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ தேவையென்றால், ஊறவைக்கும் முன்பே இலைத்துண்டைக் கிள்ளி, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போடுங்கள். தீப்பற்றும் ஆல்கஹால் உள்ள பைகள் அடுப்புப் பக்கம் போகவே கூடாது.