எக்ஸ்ரே பிலிமின் கருமையைக் கண்ணால் பார்த்தால் போதாதா, அதை அளக்கும் டென்சிட்டோமீட்டர் எதற்கு?

போதாது தம்பி. நீங்கள் ரேடியோகிராபி படிக்கிறவர், கதிர் கூடக் கூட பிலிம் எப்படிக் கருக்கும் என்று காட்டும் எஸ் வடிவக் கோட்டை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 1890இல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் போட்ட கோடு அது.

கருமையை அளந்து சொல்லும் எண்தான் அடர்த்தி. அது 1 என்றால் பிலிமில் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வரும். 2 என்றால் நூறில் ஒன்று. கதிரே படாத பிலிமைக் கழுவினாலும் 0.2 போல ஒரு கருமை இருக்கும். அது 0.35 ஆகிவிட்டாலும் கண்ணுக்குப் பிடிபடாது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, பிலிம் கழுவும் டார்க் ரூம் இரண்டும் என் பொறுப்பில் இருந்தன. ஒரு சித்திரையில் நெஞ்சுப் படங்களெல்லாம் கருத்து மங்கலாக வர ஆரம்பித்தன. முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் பெண்கள் இருமலோடு வருவார்கள். நுரையீரல் உச்சியில் நிழல் இருக்கிறதா என்று அந்தப் படத்தை வைத்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும். அவரோ, "எக்ஸ்போஷரைக் கூட்டிட்டீங்க அண்ணாச்சி" என்றார். நான் கதிரின் அளவைக் கூட்டவில்லை.

படிப்படியாகத் தடிமன் கூடும் அலுமினியத் துண்டான ஸ்டெப் வெட்ஜை, பிலிம் இருக்கும் கேசட் மேல் வைத்து, ஓரத்தை ஈயத்தகட்டால் மூடி, மாசியில் இதேபோல் எடுத்து வைத்திருந்த ஸ்ட்ரிப்பின் அதே கேவி (குழாயின் மின்னழுத்தம்), அதே எம்.ஏ.எஸ் (கதிரின் அளவைத் தீர்மானிப்பது), அதே தூரத்தில் புதிதாக ஒரு ஸ்ட்ரிப் எடுத்தேன். தெரிந்த இயற்பியலாளரின் டென்சிட்டோமீட்டரில் இரண்டையும் வைத்தால், ஈயம் மூடிய ஓரமே புதிய ஸ்ட்ரிப்பில் கருத்திருந்தது. கதிர் படாத இடம் கருத்ததற்கு எக்ஸ்போஷர் எப்படிக் காரணமாகும்? டார்க் ரூமின் மங்கிய விளக்கான சேஃப் லைட்டின் கீழ் புது பிலிம் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துச் சில நிமிடம் விட்டுக் கழுவினேன். காசின் வட்டம் விழவில்லை, ஆகவே விளக்கிலும் குற்றமில்லை. படத்தை வெளிக்கொண்டுவரும் திரவமான டெவலப்பரின் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி அடுக்கி 20 டிகிரிக்கு இறக்கி, அதே பெட்டி பிலிமைக் கழுவினதும் ஓரம் தெளிந்துவிட்டது. வெயிலில் சூடேறிய டெவலப்பர்தான் காரணம். டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

டிஜிட்டல் வந்தாச்சு, இதெல்லாம் எதற்கு என்று சிலர் வருவார்கள். பிலிமில் கதிர் கூடினால் படம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கணினி சரிசெய்து அழகாகக் காட்டிவிடும். நோயாளி வாங்கிய கூடுதல் கதிர் யார் கண்ணிலும் படாது. அளக்கிற பழக்கம் இப்போதுதான் அதிகம் தேவை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். படத்தை நிலைக்கவைக்கும் திரவமான ஃபிக்ஸர் பழையதானதும் அதிலிருந்து எடுத்த வெள்ளியை அந்த நிர்வாகம் விற்றுக் காசாக்கியது. அந்த நெடியிலேயே நாளெல்லாம் நின்ற எங்களுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டதற்கு, கடைசிவரை போட்டுத் தரவில்லை.