கம்பி வைத்தும் எலும்பு கூடாதது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கம்பி வைத்து ஆபரேஷன் செய்து நான்கு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் கூடவில்லை என்கிறார்கள். வலி தெரியாமல் தூங்க வேண்டும் என்று தினமும் இரவில் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார். “காலில்தான் கம்பி இருக்கிறதே, குடிக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறார். நாளையே நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிச்சயமாகச் சம்பந்தம் இருக்கிறது, சகோதரி. கம்பி எலும்பை ஒட்டவைப்பதில்லை. முறிந்த முனைகளை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. முறிந்த இடத்தில் உறையும் இரத்தத்தின் மேல் முதலில் குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு வளர்ந்து, அதில் எலும்பாக்கும் செல்கள் சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கும்போதுதான் எலும்பு கூடுகிறது. நன்றாகக் கூடும் எலும்பின் எக்ஸ்ரேயில், முறிவைச் சுற்றி வெண்மையான மேகம் படர்ந்ததுபோல் ஒரு நிழல் தெரியும். உங்கள் கணவரின் படத்தில் மருத்துவர் தேடுவது அதைத்தான்.

மது அந்த எலும்பாக்கும் செல்களையே நேரடியாக மந்தப்படுத்துகிறது. எலும்பாக மாற வேண்டிய மூலச் செல்கள் கொழுப்புச் செல்களாக மாறும் போக்கும் கூடுகிறது. கல்லீரல் கெடும்போது வைட்டமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவது குறைகிறது. குடிப்பவர் சரியாகச் சாப்பிடாததால் புரதமும் போதுமான அளவு சேர்வதில்லை. நீங்கள் அக்கறையோடு வைத்துத் தரும் ஆட்டுக்கால் சூப்பால் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதம் என்று அச்சிட்ட பாட்டிலானால் அதில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் குடிப்பதற்கு இது மிக அதிகம்.

முன்கால் எலும்பு கூடுவதற்கு இயல்பாகவே நான்கு முதல் ஆறு மாதம்வரை ஆகலாம் என்பதால், கை மீறிவிட்டதாக அஞ்ச வேண்டாம். புகைப்பழக்கம், சர்க்கரை நோய், முறிந்த இடத்தில் கிருமித்தொற்று ஆகியவையும் தாமதத்துக்குக் காரணமாகலாம். அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். வலிக்காகக் குடிக்கிறார் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. டிரமடால் போன்ற வலி மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். பாராசிட்டமாலோடு சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. போதையில் தடுமாறி அதே காலில் மீண்டும் அடிபட்டால் வைத்த கம்பியே முறியக்கூடும்.

ஆனால் நாளையே நிறுத்தச் சொல்லி வீட்டிலேயே வற்புறுத்தாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். விபத்தில் அடிபட்டு வார்டில் சேர்ந்தவர் இரண்டாம் நாள் இரவில் யாரையோ பார்த்துப் பேசுவதும், கட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்து ஓட முயல்வதும் பெரும்பாலும், வீட்டார் கூச்சப்பட்டுக் குடிப்பழக்கத்தை மறைத்ததன் விளைவுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில், மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்த உதவுவார்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

நிறுத்தினால் எலும்பாக்கும் செல்கள் மீண்டும் வேலைசெய்யத் தொடங்கும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும்போது, அவர் எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார் என்பதை எலும்பு மருத்துவரிடம் குறைக்காமல் கூறுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் நீங்களே கூறுங்கள்.