பூச்சி அரித்த இடத்தில் என்ன இருந்தது?

அன்பின் அக்காவுக்கு,

கொழும்பில் ஒரு நூலகத்தின் எண்ணிமப்படுத்தல் பிரிவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஸ்கான் செய்வது, மீதரவு (நூலைப் பற்றிய விபரங்கள்) எழுதுவது, கோஹா என்ற நூலக மென்பொருளில் பதிவது என்று நாள் போகிறது. இப்போது வீட்டில் எல்லாரும் ஒரே கதைதான் கதைக்கிறார்கள்: "இதையெல்லாம் இனி ஏஐ செய்துவிடும், வேறு ஏதாவது படி." எங்கள் பொறுப்பாளரும் எழுத்துணரி வேலையை, அதாவது ஸ்கான் படத்தை எழுத்தாக மாற்றுவதை, முழுதாக ஏஐயிடம் விட்டுவிடலாம் என்கிறார். இதற்கிடையில், நின்றுபோன ஒரு சிற்றிதழின் ஆசிரியர் வீட்டார் ஒரு பெட்டி நிறைய ஃப்ளொப்பிகளைத் தந்தார்கள். யாரும் தொடாமல் அலுமாரியில் கிடக்கிறது. இந்தத் துறையில் நான் தொடரலாமா?

ஒரு வாசகி, தெஹிவளை

*

அன்பின் தங்கைக்கு,

தொடருங்கள். ஏன் என்று சொல்வதற்கு ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

போன வருடம் 1960களில் அச்சான ஒரு நினைவுமலரை ஸ்கான் செய்தேன். 31ஆம் நாள் கொடுக்கிற கல்வெட்டு என்போமே, அதுதான். முதல் பக்கத்தில் கறையான் அரித்து ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஓட்டை. அதை ஒரு ஏஐ மாதிரியிடம் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் முழுப் பக்கத்தையும் தட்டச்சு செய்து தந்தது. ஓட்டை இருந்த இடத்திலும் சொற்கள் இருந்தன: "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும்". தாளில் மிஞ்சியிருந்தது "பு" ஒன்றுதான். இரண்டு கிழமை கழித்து அதே மலரின் இன்னொரு பிரதி கிடைத்தது. அதில் இருந்த ஊர் புலோலி.

அந்தப் பிரதி கிடைக்காமல் போயிருந்தால்? ரொறன்ரோவில் இருந்து ஒரு பேத்தி தன் பூட்டனின் ஊரைத் தேடி வந்து, புங்குடுதீவு என்று எழுதிக்கொண்டு போயிருப்பாள். எங்கள் ஆட்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த மலர்களை விட்டால் வேறு பதிவே இல்லை. இதை நினைத்து எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

பழைய எழுத்துணரிகளும் பிழை விட்டன. டெசராக்டோடு வேலை செய்திருப்பீர்கள். 'ர'வையும் அரவையும் ('ா') மாற்றிப் போடும், துதிக்கை வைத்த பழைய 'லை', 'ணை' வந்தால் தடுமாறும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் இங்கே பல வருடங்கள் பழைய அச்செழுத்தே ஓடியதால், எங்கள் பக்கத்து நூல்களில் அந்தத் தொல்லை அதிகம். ஆனால் அந்தப் பிழை கண்ணில் குத்தும், பார்த்தவுடனே திருத்தலாம். இப்போது வருகிற பிழை நல்ல தமிழில் வருகிறது. மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லாவிட்டால் அது பிழை என்றே தெரியாது.

ஆகவே உங்கள் பொறுப்பாளரிடம் இதை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஸ்கான் செய்த டிஃப் படக் கோப்பு தனி. ஏஐ தந்த எழுத்து தனி. எந்த ஏஐ மாதிரி, எந்தத் திகதி என்ற குறிப்போடு. மனிதர் பார்த்துத் திருத்தியது தனி. ஒன்றின் மேல் ஒன்றை எழுதவே கூடாது. ஓட்டை இருந்தால் "இங்கே தாள் இல்லை" என்று குறித்துவிடுங்கள். நானும் ஏஐயைத் தினமும் பாவிக்கிறேன், வாய்மொழி வரலாற்று ஒலிநாடாக்களை எழுத்தாக்கி முதல் படி எடுக்க அதைப்போல உதவி இல்லை. முதல் படி என்ற அளவில்.

அப்புறம் மீதரவு. "மஹாகவி" என்று ஒரு நூலின் முகப்பில் இருந்தால், ஏஐ அதை பாரதியாரின் கணக்கில் எழுதிவிடப் பார்க்கும். அளவெட்டியில் 1927இல் பிறந்து 1971இல் மறைந்த எங்கள் உருத்திரமூர்த்தியின் புனைபெயர் அது என்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். புனைபெயர்களும் ஊர்ப்பெயர்களும் ஒற்றைத் தலைப்பெழுத்துகளும் நிறைந்த இலக்கியம் எங்களுடையது. இந்த அறிவு இணையத்தில் குறைவாகவே இருக்கிறது, அதனால்தான் மாதிரிகளிடமும் குறைவு. நீங்கள் எழுதுகிற பெயர்ப் பதிவுகளில் இருந்துதான் நாளை அவை கற்கப்போகின்றன.

பிரதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் ஒரு வன்தட்டில் ஒரேயொரு பிரதியை வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் வழங்கி கப்பம் கேட்கும் நச்சுநிரலில் சிக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில், ஒன்று வலையில் தொடுக்காமல். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறிவிட்டதா என்று காட்டும் இலக்கம்) எடுத்து, வருடம் ஒருமுறை சரிபாருங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கொஞ்சம் படித்தால் இதை நீங்களே எழுதி ஓடவிடலாம், ஒரு மாதப் பழக்கம் போதும்.

சரி, அந்தப் பெட்டி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்தது அதுதான். கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் ஃப்ளொப்பியின் காந்தப் படலம் பூஞ்சணம் பிடித்துப் போகும். ஸ்கான் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இதை எடுங்கள். அட்டையின் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை ஓட்டை தெரியும்படி தள்ளிவிட்டுத்தான் டிரைவில் போட வேண்டும். அப்போதுதான் கணினி அதன்மேல் எதையும் எழுதாது. கோப்புகளைத் தனித்தனியே இழுத்துப் போடாமல், முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பமாகப் படியெடுங்கள். ஒன்று 1.44 எம்பிதான், இடப் பிரச்சினை வராது. அட்டையில் கையால் எழுதியிருப்பதைப் படம் பிடிக்க மறக்காதீர்கள்.

உள்ளே பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் கோப்புகள் இருக்கும் என்று நினைக்கிறேன், எழுத்து பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும். பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பாமினியில் 'கெ' எழுதக் கொம்பை ('ெ') முதலில் தட்டுவோம், இப்போது எல்லாரும் பாவிக்கிற யூனிகோட்டில் அது 'க'வுக்குப் பின்னால் சேமிக்கப்படும். ஒழுங்கு மாற்றித் தருகிற மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று பிடிபடாவிட்டால் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா