216 என்று எழுதாதீர்கள்

கேள்வி: 1936-இல் அமெரிக்காவின் டுபெலோ நகரை டொர்னாடோ தாக்கி 216 பேர் இறந்தபோது, கைக்குழந்தையாக இருந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லி உயிர் தப்பினார் என்று படித்தேன். இயற்கைக்கு ஏழை, பணக்காரர், கறுப்பர், வெள்ளையர் என்ற பேதம் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று உண்டா? எங்கள் பள்ளி ஆண்டு மலரில் எழுதப்போகிறேன்.
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: குழந்தை தப்பியது உண்மை. எல்விஸுக்கு அப்போது வயது ஒன்றேகால். கிழக்கு டுபெலோவில் இரண்டே அறைகள் கொண்ட மர வீட்டில் வாழ்ந்த ஏழை வெள்ளைக் குடும்பம் அது. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து நீங்கள் எடுக்கும் பாடத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

காற்றுக்குப் பேதம் தெரியாது, சரி. செத்தவர்களை எண்ணியது காற்று அல்லவே!

ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி வாக்கில் அது மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோவுக்குள் நுழைந்தது. நம் கடற்கரைப் புயல் போல நாள் கணக்கில் வங்கக் கடலில் சுற்றிவிட்டு வருவதல்ல டொர்னாடோ. இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து தரைக்கு இறங்கும் சுழற்காற்று. சில நிமிடங்களில் ஒரு தெருவைத் துடைத்துவிட்டுப் போய்விடும். டுபெலோவில் கடைத்தெரு தப்பியது, குடியிருப்புகள் மாட்டிக்கொண்டன. கம் பாண்ட் என்ற குளத்தின் கரையில் இருந்த வீடுகள், உள்ளே இருந்த மனிதர்களோடு தண்ணீருக்குள் வீசப்பட்டன. பிணங்களில் பெரும்பகுதியை அந்தக் குளத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

பிறகு கணக்கு எழுதினார்கள். 216 பேர் இறந்தனர், சுமார் 700 பேர் காயம். காயமடைந்தவர்களில் பலர் மருத்துவமனையில் கிடக்கும்போதே அந்த எண்ணிக்கை முடிக்கப்பட்டுவிட்டது. அதைவிடக் கொடுமை, காயமடைந்த கறுப்பின மக்களின் பெயர்களை அன்றைய பத்திரிகைகள் வெளியிடுவதில்லை. பெயர் வராதவர் பிழைத்தாரா, பிறகு இறந்தாரா என்று எதை வைத்துத் தேடுவது? டுபெலோவில் உண்மையில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நானும் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். அச்சுக் கோத்தவரும் பிழை திருத்தியவரும் ஆசிரியரும் பார்த்து, இது சரிதான் என்று அனுப்பிய பக்கங்கள் அவை என்று நினைக்கும்போது நெஞ்சு எரிகிறது.

எச்சரிக்கை இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. மக்கள் பீதியடைவார்கள் என்று சொல்லி, 'டொர்னாடோ' என்ற சொல்லையே வானிலை அறிவிப்புகளில் பயன்படுத்தாமல் தவிர்த்துவந்த காலம் அது. ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் இரண்டு ராணுவ அதிகாரிகள் முதன்முதலாக டொர்னாடோவை முன்கூட்டியே கணித்துச் சொன்னது 1948 மார்ச்சில்தான்.

மறுநாள் காலை அதே மழைமேகக் கூட்டம் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரைத் தாக்கியது. அங்கே இறந்தவர்கள் 203 பேர். கூப்பர் கால்சட்டைத் தொழிற்சாலைக்கு அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கட்டடம் இடிந்து தீப்பற்றியதில் ஏறக்குறைய 70 பேர் அந்த ஒரே இடத்தில் மாண்டுபோனார்கள். காலை எட்டரை மணிக்கு அந்தக் கூரையின் கீழ் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது கூலி. இதையும் இயற்கையின் சமநீதி என்று உங்கள் மாணவிகளுக்குச் சொல்வீர்களா?

இன்னும் பின்னால் போனால், டுபெலோ இருக்கும் அதே மிசிசிப்பியில் நாட்செஸ் என்ற ஆற்றங்கரை நகரம். 1840 மே 7 அன்று டொர்னாடோ மிசிசிப்பி ஆற்றின் வழியாகவே வந்து படகுகளைக் கவிழ்த்தது. ஆற்றில் 269 பேர், கரையில் 48 பேர், ஆக மொத்தம் 317 என்கிறது பதிவு. சுற்றிலும் பருத்தித் தோட்டங்கள், அவற்றில் அடிமைகளாக வேலை செய்த மனிதர்கள். கரையில் இறந்தவர்கள் வெறும் 48 பேர்தானா? அடிமைகளின் சாவைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அன்று இல்லை. ஆகவே அந்த 48 என்ற எண்ணை ஆய்வாளர்களும் நம்புவதில்லை.

எல்விஸ் கதையைத் தாராளமாக எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கம் பாண்ட் குளத்தையும், பெயர் அச்சாகாதவர்களையும் அதே பக்கத்தில் சேருங்கள். எண்ணிக்கை வரும் இடத்தில் '216 பேர்' என்று எழுதாமல் 'குறைந்தது 216 பேர்' என்று எழுதுங்கள். அச்சகத்தில் அந்த முதல் சொல்லை யாரும் வெட்டிவிடாமல் நீங்களே பிழை திருத்தம் பாருங்கள்.