ரேடியோ பூட் ஆகலன்னா முதல்ல எங்க கை வைக்கணும்? கடலூர், புதுச்சேரி ஆளுங்க கேட்டதும் என் பதிலும்

மொட்டைமாடில 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ (வயர் இல்லாம ஒரு மாடிலேருந்து இன்னொரு மாடிக்கு நெட் அனுப்புற பெட்டி) வச்சு லிங்க் போட்டு நெட் ஓட்டுறவங்க நிறைய பேரு கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க, செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுற ரேடியோல பாதிக்கு மேல ரேடியோல கோளாறே இருக்காது, கரண்ட்லயும் கேபிள்லயும் தான் இருக்கும்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): அண்ணே, லைட்பீம் ரேடியோ, மழைக்கு அப்புறம் லைட் எரியுது, கொஞ்ச நேரத்துல அணைஞ்சு திரும்ப முதல்லேருந்து எரியுது, இப்படியே ஓடுது. ரேடியோக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர், அதான் ஃபர்ம்வேர், போயிடுச்சா?

பதில்: தம்பி, ஃபர்ம்வேர கடைசில பாப்போம். ரேடியோவ கீழ இறக்கி, ஒரு மீட்டர் பேட்ச் கார்டு (ரெண்டு பக்கமும் ஜாக் போட்ட சின்ன நெட் கேபிள்), நல்லா ஓடுற வேற 24 வோல்ட் அடாப்டர் (நெட் கேபிள் வழியாவே ரேடியோக்கு கரண்ட் அனுப்புறது), இந்த ரெண்டையும் போட்டு டேபிள் மேல வச்சு ஓட விடுங்க. பூட் ஆகி பிங் (லேப்டாப் கூப்பிட்டா ரேடியோ குடுக்கிற பதில்) வந்துச்சுன்னா ரேடியோ நல்லாருக்கு, வம்பு மேல இருக்கிற கேபிள்லயோ பழைய அடாப்டர்லயோ தான். உங்க ஏரியா கடலுக்கு நேர் எதிர, உப்புக்காத்து கேபிள் முனைல இருக்கிற ஆர்ஜே45 ஜாக்குக்குள்ள போயிடும், அதுல ஈரமும் சேர்ந்தா கேபிளோட ப்ளூ ஜோடிலயும் ப்ரவுன் ஜோடிலயும் டிசி கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கறதால பின்னு பச்சையா அரிச்சுப் போகும், முக்கியமா பாசிட்டிவ் போற 4, 5ம் பின். ஜாக்க கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க, பச்சை தெரிஞ்சா தொடச்சு மாட்டாதீங்க, வெட்டிட்டு புது ஜாக் வச்சு கிரிம்ப் பண்ணுங்க. கேபிளோட மேல்தோலுக்குள்ள தண்ணி ஏறியிருந்தா கேபிளையே மாத்துங்க, அது லேசுல காயாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து புதுச்சேரி மேலயே நகராம நின்னு கொட்டுனப்ப நனைஞ்ச கேபிளு இன்னும் எங்கயாவது மாட்டியிருந்தா அத நம்பவே நம்பாதீங்க.

இன்னொண்ணு, அடாப்டர மல்டிமீட்டர்ல சும்மா பாத்தா 24 காட்டும். உள்ள கெப்பாசிட்டர் உப்பிப்போன அடாப்டரும் அதே 24 தான் காட்டும், லோடு ஏறினதும் தான் விழும். அதனால மீட்டர் காட்டுறத வச்சு முடிவு பண்ணாம அடாப்டர மாத்திப் பாருங்க.

கேள்வி (அரியாங்குப்பம்): கீழ வச்சா ஜம்முன்னு ஓடுது, 60 மீட்டர் கேபிள்ல மேல ஏத்துனா ரீபூட் ஆகிட்டே இருக்கு சார்.

பதில்: கேபிள் நுனிய பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்து மேல செம்பு பூசுனது. நல்ல செம்புன்னா 60 மீட்டருக்கு போக வர சேர்த்து சுமார் 5 ஓம், 8 வாட் ரேடியோக்கு ரெண்டு வோல்ட் கூட இறங்காது. பூச்சு கேபிள்ல 8 ஓம் கிட்ட போயிடும், விலை கம்மின்னு வாங்குறதுல கம்பியும் மெல்லிசா இருக்கும், பூட் ஆகுற கடைசில ரேடியோ சிப்பு ஆன் ஆகி கரண்ட் இழுக்கிற அந்த நொடில வோல்டேஜ் விழுந்து ரீபூட். செம்பு கேபிள் தான் வழி, வேற எதுவும் சொல்ல மாட்டேன்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பிஓஇ (நெட் கேபிள்லயே கரண்ட் குடுக்கிற) ஸ்விட்ச்ல போட்டேன், லைட்டே எரியல.

பதில்: 802.3ஏஎஃப்ங்கிற பிஓஇ முறைல ஓடுற ஸ்விட்ச்சு ரேடியோ கிட்ட கேட்டுட்டு தான் 48 வோல்ட் விடும், 24 வோல்ட் பாசிவ் (கேள்வி பதில் இல்லாம நேரா கரண்ட் வாங்குற) ரேடியோ பதில் சொல்லாது, அதனால கரண்டே வராது, ரேடியோக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர்ல (கேபிள்ல கரண்ட் ஏத்துற அடாப்டர்) மட்டும் சொருகிடாதீங்க, அது கேட்காமலே விடும், போர்டு போயிடும்.

கேள்வி (பாகூர்): நானோஸ்டேஷன் எம்5, அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு. இப்ப பிங் இல்ல.

பதில்: இது தான் நெஜமான ஃபர்ம்வேர் கேஸ், மீட்கலாம். கரண்ட எடுத்துட்டு, ரீசெட்ட அமுக்கிப் பிடிச்சபடியே கரண்ட் குடுங்க, எல்இடி மாறி மாறி மினுக்குற வரைக்கும் விடாதீங்க. லேப்டாப்புக்கு ஐபி அட்ரஸ் 192.168.1.254 குடுத்து 192.168.1.20 ய பிங் பண்ணுங்க, வந்துச்சுன்னா டிஎஃப்டிபில (நெட் கேபிள் வழியா ஃபைல் அனுப்புற முறை) பைனரி மோட்ல ஃபர்ம்வேர் ஃபைல அனுப்புங்க. விண்டோஸ் ஃபயர்வால், வைஃபை ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க, முக்கால்வாசி பேருக்கு அங்க தான் சிக்கும். அனுப்பினதும் பத்து நிமிஷம் தொடாதீங்க, யுபிஎஸ்ல போட்டுக்குங்க. எக்ஸ்எம் போர்டுக்கு எக்ஸ்எம் ஃபைலு, எக்ஸ்டபிள்யூ போர்டுக்கு எக்ஸ்டபிள்யூ ஃபைலு, பேரு ஒண்ணா இருந்தாலும் எம்5ல ரெண்டு போர்டும் வந்திருக்கு.

கேள்வி (பண்ருட்டி): மைக்ரோடிக் எஸ்எக்ஸ்டிக்கும் அதே முறையா அண்ணே?

பதில்: இல்ல, அதுக்கு மைக்ரோடிக்கோட நெட்இன்ஸ்டால் சாஃப்ட்வேர். ரீசெட் பிடிச்சு கரண்ட் குடுத்தா முதல்ல எல்இடி மினுக்கும், அப்புறம் நிலையா எரியும், அப்புறம் அணையும். அணைஞ்ச பிறகு தான் விடணும், முன்னாடியே விட்டா கான்ஃபிக் (செட்டிங்ஸ்) தான் அழியும்.

கேள்வி (வில்லியனூர்): கரண்ட் போய் வந்தா ரேடியோ பூட் ஆகுது, வெப் பேஜும் வருது, லிங்க் மட்டும் ஒரு நிமிஷம் கழிச்சு தான் சேருது. போர்டு கோளாறா?

பதில்: கோளாறே இல்லைங்க. நீங்க வச்சிருக்கறது டிஎஃப்எஸ் (ரேடாருக்கு வழி விடுற) சேனலா இருக்கும், ரேடார் இருக்கான்னு 60 செகண்ட் கேட்டுட்டு தான் சிக்னல் விடும். அந்த ஒரு நிமிஷம் முடியறதுக்குள்ள பொறுமை இல்லாம திரும்ப கரண்ட பிடுங்காதீங்க, திரும்ப முதல்லேருந்து கேட்க ஆரம்பிக்கும். அவசரம்னா டிஎஃப்எஸ் இல்லாத, 5725 மெகாஹெர்ட்ஸுக்கு மேல சேனல் வச்சுப் பாருங்க, கன்ட்ரி இந்தியாவுலயே இருக்கட்டும்.