வீட்டுக்குள் எடுத்தால் படம் கலங்குகிறது: லென்ஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி5600 கேமராவும் 18-55 விஆர் லென்ஸும் வாங்கினேன். இதுதான் என் முதல் டிஎஸ்எல்ஆர். மொட்டை மாடியில் எடுத்தால் படம் அருமையாக வருகிறது. வீட்டுக்குள் என் மூன்று வயது மகளை எடுத்தால் கலங்கிவிடுகிறது. ஃப்ளாஷ் அடித்தால் முகம் வெளுத்துப் போகிறது. கடையில் கேட்டால், "இந்த லென்ஸ் வேஸ்ட் சார். கேமராவைக் கொடுத்துட்டு மிரர்லெஸ் எடுத்துக்குங்க. இல்லேன்னா பழைய 50 எம்எம் ஒண்ணு நாலாயிரத்துக்குத் தர்றேன்" என்கிறார். எதைச் செய்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் வேண்டாம். கேமராவும் லென்ஸும் நன்றாகத்தான் இருக்கின்றன. வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். ட்யூப் லைட் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் கேமராவுக்கு அது காணாது. அதனால் ஆட்டோவில் இருக்கும்போது, வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் எது அசைந்தாலும் படம் கலங்கும்.

இன்று ராத்திரி ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பாருங்கள். வ்யூஃபைண்டரின் அடியில் 15 என்றோ 20 என்றோ ஓர் எண் தெரியும். 15 என்றால் ஒரு நொடியில் 15-இல் ஒரு பங்கு. அதற்குள் உங்கள் மகள் கையை நாலு விரற்கடை ஆட்டியிருப்பாள். விஆர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், பிள்ளையின் ஆட்டத்தை அல்ல.

டயலை 'எஸ்' எழுத்துக்குத் திருப்பி, ஷட்டரை 125-இல் வையுங்கள். ஓடி ஆடினால் 200. மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன் அது) ஆன் செய்து, உச்ச வரம்பை 6400 ஆக்குங்கள். 'எஸ்'ஸில் ஃப்ளாஷ் தானாக எழும்பாது, முகம் வெளுக்கிற தொல்லையும் போகும். ஜூமை 18-லிருந்து 24-க்குள் வைத்து, நீங்கள் கிட்டே போங்கள். 18-இல் இந்த லென்ஸ் எஃப் 3.5 வரை திறக்கும்; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். 55-க்குப் போனால் 5.6 தான், உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஐஎஸ்ஓ ஏறுவதால் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும். இருக்கட்டும்.

இனி அந்த நாலாயிர ரூபாய் லென்ஸ். இந்த வியாபாரத்தை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அந்த விலைக்குக் காட்டுவது பெரும்பாலும் 50 எம்எம் எஃப் 1.8 'டி' லென்ஸாக இருக்கும். லென்ஸ் நல்ல லென்ஸ்தான், உங்கள் கேமராவுக்குத்தான் ஆகாது. நிக்கானில் சில கேமராக்களுக்கு ஃபோகஸ் மோட்டார் உடம்பிலேயே இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. டி7000 வரிசையில் உண்டு. டி3500, டி5600 போன்ற சின்ன கேமராக்களில் கிடையாது. இவற்றுக்கு லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தாக வேண்டும். அந்த 50 எம்எம் 'டி'யில் அது இல்லை. மாட்டினால் கச்சிதமாக உட்காரும், படமும் எடுக்கும். ஃபோகஸை மட்டும் நீங்களே வளையத்தைத் திருகிச் செய்ய வேண்டும். ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஆகிற காரியமா அது?

"நிக்கானுக்கு நிக்கான் லென்ஸ்தானே சார்" என்பார். பொய் என்று சொல்லவும் முடியாது! கம்பெனிக்காரர்களாவது 'இந்தக் கேமராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது' என்று பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போடலாம். போட மாட்டார்கள். முதல் கேமரா வாங்கியவர் ஏஎஃப், ஏஎஃப்-எஸ், டி, ஜி என்று எழுத்துக்கூட்டித் தானே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

உங்களுக்கு இவ்வளவு போதும்: 50 எம்எம், 35 எம்எம் எது வாங்கினாலும் லென்ஸின் மேல் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு. கடையிலேயே மாட்டி, பட்டனைப் பாதி அழுத்துங்கள். ஃபோகஸ் ஆகாமல், "செட்டிங்கில் சரி பண்ணிக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த செட்டிங்கிலும் சரியாகாது.

மிரர்லெஸ், அதாவது டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் கண்ணாடி இல்லாத கேமரா, அந்தப் பேச்சும் அப்படித்தான். கம்பெனிகள் டிஎஸ்எல்ஆரை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டது உண்மை. அதற்காக உங்கள் ஹாலில் வெளிச்சம் கூடிவிடாது. நிக்கான் இசட்50-உடன் வருகிற 16-50 லென்ஸ் எஃப் 3.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது. ஜூம் செய்தால் உங்களுடையதைவிட இருட்டு! எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் உங்கள் கேமராவை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மறுவாரமே இன்னொரு புதியவர் தலையில் கட்டுவதற்குத்தான் இவ்வளவு அக்கறை.

காசு சேர்ந்ததும் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8 ஜி வாங்குங்கள். எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். வீட்டு அறைக்கு 50 எம்எம் நெருக்கடி; நாலு பேரை எடுக்க வேண்டுமென்றால் முதுகு சுவரில் இடிக்கும். பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, தொடவே தொடாதீர்கள். சீரியல் நம்பர் எழுதிய பில் கேளுங்கள். தர இழுத்தடித்தால் வேறு கடை.